மாற்றி எழுதக்கூடிய சிப்

அலுவலகத்தில் அவளுக்கு 'மறுபடியக்கா' என்று பெயர். முகத்துக்கு நேரே யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை, முதுகுக்குப் பின்னால்தான். ஆனால் அங்கே மேசைகளுக்கு நடுவே இருந்த தடுப்புகள் இடுப்புயரம்கூடக் கிடையாது. முதுகுக்குப் பின்னால் சொல்வதும் முகத்துக்கு நேரே சொல்வதும் அங்கே ஏறக்குறைய ஒன்றுதான். அவளுக்கு அதில் கோபமில்லை, உள்ளூரக் கொஞ்சம் பெருமைகூட. எந்த வேலையை முடித்தாலும் "மறுபடி ஒரு தடவை பாத்துடறேனே" என்று சொல்லாமல் அவள் எழுந்ததே கிடையாது.

இந்த வியாதி அவளுக்குப் பிறவியில் வந்ததல்ல, சிப்புகளோடு சேர்ந்து வளர்ந்தது. அவள் வேலைக்குச் சேர்ந்த புதிதில், நமக்கு வேண்டிய சர்க்யூட்டை நாமே எழுதிக்கொள்ளும் சிப் என்றால் அதற்குள் தலைமுடியைவிட மெல்லிய ஃப்யூஸ்கள் வரிசையாக இருக்கும். வேண்டாதவற்றை மின்சாரம் பாய்ச்சி எரித்துவிட வேண்டும், மிச்சம் இருப்பதுதான் சர்க்யூட். எரித்தது எரித்ததுதான். ஒன்று தப்பாக எரிந்தாலும் சிப் குப்பைத்தொட்டிக்குப் போகும், மேலதிகாரி முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார். அதனால் பொத்தானை அழுத்துவதற்கு முன் நாள்கணக்கில் காகிதத்தில் போட்டுப் பார்ப்பாள். பிறகு முதுகில் சின்னக் கண்ணாடி ஜன்னல் வைத்த சிப்புகள் வந்தன. புற ஊதா விளக்குக்கு அடியில் வைத்துவிட்டு ஒரு டீ குடித்துவிட்டு வந்தால் எழுதியதெல்லாம் அழிந்திருக்கும். அப்புறம் விளக்கும் வேண்டாம் என்றாயிற்று, மின்சாரத்தாலேயே அழித்து எழுதலாம். அதற்கும் பின்னால் வந்ததுதான் அவள் இப்போது கட்டிக்கொண்டு அழுகிற வகை. உள்ளே லட்சக்கணக்கில் குட்டிக் கட்டங்கள், அவற்றுக்கு நடுவே எப்படி வேண்டுமானாலும் இணைத்துக்கொள்ளும் கம்பிகள். காலையில் அதை ஒரு கேமராவுக்கு மூளையாக்கலாம், மத்தியானம் அதையே லிஃப்ட் ஓட்டச் சொல்லலாம். கணினியில் ஒரு தட்டுத் தட்டினால் பழசு போய்ப் புதுசு வந்துவிடும்.

இவ்வளவு வசதி வந்த பிறகு யார்தான் ஒரு வேலையை முடித்தேன் என்று சொல்லி எழுந்து போவார்கள்? அவள் போகவில்லை.

அவளுடைய அப்பாவுக்குக் காது போய்ப் பல வருஷம் ஆயிற்று. நெசவு மில்லில் தறி ஓட்டியவர். அத்தனை தறிகளும் ஒன்றாக ஓடும் கூடத்தில், பக்கத்தில் நிற்பவர் தொண்டை கிழியக் கத்தினாலும் கேட்காது. அதனால் அங்கே எல்லோரும் சத்தமே இல்லாமல் வாயை மட்டும் அசைத்து வம்பு பேசிக்கொள்வார்கள். கூடத்தின் அந்தக் கோடியில் ஒருத்தி தன் மாமியாரைத் திட்டினால் இந்தக் கோடியில் இவர் சிரிப்பார். சம்பளத்தோடு சேர்த்து மில் அவருக்குக் கொடுத்தது அந்தச் செவிட்டுக் காதையும் இந்த வித்தையையும்தான்.

கடையில் வாங்கிய கருவிகள் எதுவும் அவருக்கு ஒத்துவரவில்லை. தட்டு கீழே விழுந்தால் இடி விழுந்த மாதிரி இருக்கும், பேச்சு மட்டும் கொழகொழவென்றே இருக்கும். ஆகவே மகளே ஒன்று செய்ய உட்கார்ந்தாள். சோப்பு டப்பா அளவில் ஒரு பெட்டி, சட்டைப்பையில் போட்டுக்கொள்ளலாம். அதிலிருந்து இரண்டு ஒயர், நுனியில் காதை இறுக்கமாக அடைக்கும் ரப்பர் அச்சுகள். பெட்டிக்குள்ளே அந்த மாற்றி எழுதக்கூடிய சிப். பெட்டியின் விளிம்பில் கடுகளவு பச்சை விளக்கு ஒன்று. சிப்பில் சர்க்யூட் ஏறியிருந்தால் அது எரியும், சிப் காலியாக இருந்தால் எரியாது.

ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பெற்றோர் வீட்டுக்குப் போய்விடுவாள். சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியை விரித்து, பெட்டியைக் கேபிளில் மாட்டி, புதுச் சர்க்யூட்டை ஏற்றிவிட்டு அப்பாவின் முகத்தையே பார்ப்பாள்.

"இப்ப எப்படிப்பா இருக்கு?"

"நல்லா கேக்குதும்மா."

"போன வாரத்துக்கு இந்த வாரம்?"

"இன்னும் நல்லா இருக்கு."

அது போதும் அவளுக்கு. தலைகால் புரியாமல் வீட்டுக்குத் திரும்புவாள். போகிற வழியிலேயே அடுத்த வாரம் எதை மாற்றலாம் என்று மனசு கணக்குப் போடத் தொடங்கிவிடும். அம்மா மட்டும் போனில் பேசும்போது, பின்னால் அப்பாவிடம் இன்னமும் தொண்டை கிழியக் கத்துவது கேட்கும். "ஏம்மா, அதான் இப்ப நல்லா கேக்குதே, எதுக்குக் கத்தறே?" என்று ஒரு தடவை கேட்டாள். "கத்திக் கத்தியே பழகிப்போச்சுடி, வாய் சும்மா இருக்க மாட்டேங்குது" என்று அம்மா சொன்னாள். அவளும் சிரித்துவிட்டு விட்டுவிட்டாள்.

முதலாளியும் அவளும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்து, ஃப்யூஸ் சிப்புகளைச் சேர்ந்தே எரித்துப் பாழாக்கி, ஒன்றாகவே திட்டு வாங்கியவர்கள். அவர் தனியாகக் கம்பெனி தொடங்கியபோது அவளையும் கூட்டிக்கொண்டார். இந்தப் பெட்டியைப் பார்த்ததும், "உங்கப்பா காதுக்கு மட்டும் எதுக்கு? ஊர்ல இருக்கிற அத்தனை காதுக்கும் போடலாமே" என்று பிடித்துக்கொண்டார். பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் காது டாக்டர் நேரில் பார்க்க வருவதாக ஒப்புக்கொண்டார். அவருக்குத் திருப்தி என்றால், வார்டிலிருக்கும் வயதானவர்களுக்குப் போட்டுப் பார்க்கலாம். திருப்தி இல்லையென்றால் கம்பெனி வேறு பிழைப்பைத்தான் பார்க்க வேண்டும்.

டாக்டர் வந்த அன்று அப்பா இஸ்திரி போட்ட சட்டையில் மாப்பிள்ளை மாதிரி வந்து இறங்கினார். கூட்ட அறையின் நீள மேசைக்குக் கடைசியில் அவரை உட்காரவைத்தார்கள். டாக்டர் அவருக்கு எதிரே உட்கார்ந்தார். நறுக்கென்று பேசுகிற, ஆனால் கனிந்த முகமுடைய அம்மாள்.

"முறையான பரிசோதனையெல்லாம் அப்புறம் எங்க ரூம்ல வெச்சுப் பண்ணிக்கலாம். இன்னைக்குச் சும்மா பேசிக்கிட்டிருப்போம். என்ன பெரியவரே, மக செஞ்சது எப்படி இருக்கு?"

"அவ செஞ்சா சோடை போகுமா டாக்டர்?" என்றார் அப்பா. எல்லோரும் சிரித்தார்கள்.

கேள்வி மேல் கேள்வி. சாப்பாடு, தூக்கம், மில் வேலை, முட்டிவலி. ஒவ்வொன்றுக்கும் பளிச்சென்று பதில். டாக்டர் லேசுப்பட்டவர் இல்லை, திடீரென்று கையிலிருந்த ஃபைலைத் தூக்கி வாயை மறைத்துக்கொண்டு, "உங்களுக்குப் பேரப்பிள்ளைங்க எத்தனை பேர்?" என்று கேட்டார். ஒரு கணம் தாமதித்து, "ரெண்டு பேரு டாக்டர். ரெண்டும் வாலு" என்றார் அப்பா. டாக்டர் புருவத்தை உயர்த்தித் தன்னோடு வந்தவர்களைப் பார்த்துத் தலையசைத்தார்.

மறுபடியக்காவுக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கியது. அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். அவர் டாக்டரைப் பார்க்கவில்லை, டாக்டருக்குப் பக்கத்திலிருந்த முதலாளியைப் பார்த்துக்கொண்டிருந்தார். முதலாளிக்குப் பதற்றம் வந்தால் பிறர் பேசுவதைத் தானும் உதட்டுக்குள் முணுமுணுக்கிற பழக்கம் உண்டு. டாக்டர் கேட்ட ஒவ்வொரு கேள்வியையும் பிரார்த்தனை மாதிரி அவர் உதடு திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தது.

அவளுடைய பார்வை அப்பாவின் சட்டைப்பைக்கு இறங்கியது. பெட்டியின் விளிம்பு வெளியே எட்டிப் பார்த்தது. பச்சை விளக்கு எரியவில்லை.

தூக்கிவாரிப்போட்டது. வெளிச்சத்தில் தெரியவில்லையோ என்று தலையைச் சாய்த்துப் பார்த்தாள். இல்லை, எரியவே இல்லை. சிப் காலி.

என்ன நடந்தது என்று யோசிக்க வேண்டியிருக்கவில்லை, உடனே புரிந்துவிட்டது. இந்த வகைச் சிப்புக்கு ஒரு குணம் உண்டு. மின்சாரம் இருக்கிறவரைதான் அதற்கு ஞாபகம். பேட்டரியைக் கழற்றினால் எல்லாவற்றையும் மறந்துவிடும். அதனால்தான் பக்கத்திலேயே ஒரு சின்ன நினைவகச் சிப் வைப்பது. மின்சாரம் வந்ததும் சர்க்யூட்டை அதிலிருந்து எடுத்து ஏற்றிக்கொள்ளும். போன ஞாயிற்றுக்கிழமை கடைசி வடிவத்தை எழுதுவதற்காக அந்த நினைவகத்தை அழித்தாள். அழித்த கையோடு, "மறுபடி ஒரு சின்ன மாத்தம்" என்று தோன்றியது. மாற்றியதை நினைவகத்தில் எழுதாமல், பரிசோதிப்பதற்காகக் கேபிள் வழியே நேராகச் சிப்பில் ஏற்றினாள். விளக்கு எரிந்தது. அப்பா நல்லா கேக்குது என்றார். அம்மா சாப்பிடக் கூப்பிட்டாள். நினைவகத்தில் எழுத மறந்தே போனாள். அதற்குப் பிறகு அப்பா எப்போது பேட்டரி மாற்றினாரோ, அப்போதிலிருந்து அந்தப் பெட்டி வெறும் டப்பா. அதுமட்டுமா, காதை இறுக அடைத்திருக்கும் ரப்பரோடு சேர்த்தால் சும்மா இருந்ததைவிடவும் மோசம்.

ஃப்யூஸ் எரித்த காலத்தில் இந்தத் தப்பை அவள் செய்திருக்கவே முடியாது. அவற்றுக்கு மறக்கத் தெரியாது.

வாயைத் திறந்து சொல்லியிருக்க வேண்டும். அந்த நிமிஷமே. அவள் சொல்லவில்லை. டாக்டர் கைதட்டினார், கூட வந்தவர்கள் தட்டினார்கள், முதலாளி பலமாகத் தட்டினார். அவளும் தட்டினாள். தன் கைகள் தட்டுவதை யாரோ ஒருத்தியின் கையைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். வெட்கத்தில் காது மடல்வரை சுட்டது.

முதலாளி மற்றவர்களைப் பட்டறை மேசைகளைக் காட்ட அழைத்துப் போனார். அவள் அப்பாவைக் கழிப்பறைப் பக்கம் கூட்டிப் போகிற சாக்கில் நடைவழிக்கு வந்து, ஜன்னலோரம் நிறுத்தி, காதிலிருந்த அச்சுகளைக் கழற்றினாள்.

"எப்பலேருந்துப்பா இது கேக்கல?"

வாயைப் பார்த்துக்கொண்டிருந்தவர் சட்டென்று கண்ணைத் திருப்பிக்கொண்டார். பேச்சை நிறுத்த அவருக்குத் தெரிந்த வழி அதுதான். அவள் விடாமல் அவர் பார்க்கும் பக்கம் போய் நின்று மறுபடி கேட்டாள்.

"பேட்டரி மாத்தினேன். அப்புறம் சத்தமே வரல" என்றார். "இன்னைக்கு உனக்கு முக்கியமான நாளுன்னு அம்மா சொன்னா. எதுக்கு உன்னைக் கலவரப்படுத்தணும்னு சொல்லாம விட்டுட்டேன்."

"அதுக்கு முன்னாடி? ஞாயித்துக்கிழமை நல்லா கேக்குதுன்னு சொன்னீங்களே?"

அவர் சட்டைப்பையிலிருந்த பெட்டியைத் தடவிப் பார்த்தார்.

"அதுக்கு முந்தின வாரம்?"

"இப்ப எதுக்கும்மா அதெல்லாம்?"

"அப்பா!"

பெரியவர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார். "முதல் முதல்ல ஒண்ணு போட்டியே, ஞாபகம் இருக்கா? அது ரொம்ப நல்லா இருந்துச்சு. அம்மா குரல் அம்மா குரலாவே இருந்துச்சு. ராத்திரி படுத்துக்கிட்டு ரெண்டு பேரும் பேசினோம். எத்தனை வருஷம் கழிச்சு! அடுத்த வாரம் வந்து மாத்திட்ட. தகர டப்பாக்குள்ளேருந்து யாரோ கூப்பிடுற மாதிரி ஆயிடுச்சு."

"சொல்லியிருக்கலாமில்ல?"

"சொன்னேனே. நல்லா இல்லன்னு ஒரு தடவை சொன்னேன். அன்னைக்கு ஒரே மூச்சுல மூணு தடவை மாத்தின, சாப்பாடுகூடச் சாப்பிடல. சரி, நல்லா இருக்குன்னு சொல்லிப் பாப்போம், விட்டுருவான்னு பாத்தேன். அப்பவும் மாத்தின. நல்லா இருக்குன்னாலும் மாத்துற, இல்லன்னாலும் மாத்துற. நான் என்னதான் சொல்றது?" கோபமே இல்லாமல், நிஜமாகவே தெரியாமல் கேட்பவர்போல் கேட்டார். "ஆசையா ஓடி வர்ற புள்ள. அது மூஞ்சி வாடிப்போறதைப் பாக்க முடியாம, போகட்டும்னு விட்டுட்டோம். அம்மாகிட்டயும் சொல்லிவெச்சேன், ஞாயித்துக்கிழமை மட்டும் கத்தாதேன்னு."

அவள் சுவரில் சாய்ந்துகொண்டாள். அந்த முதல் வடிவம் அவளிடம் இல்லை. அரைகுறை வேலை, யாராவது பார்த்தால் சிரிப்பார்கள் என்று அழித்துவிட்டிருந்தாள். அவளுக்கு அது அரைகுறை. அவருக்கு அது மனைவியின் குரல். வாராவாரம் அவருடைய காதுக்குள் கேபிளைச் செருகி, அவர் முகத்தைப் பார்த்தோம் என்று நினைத்தாளே, அவள் பார்த்ததெல்லாம் 'நல்லா கேக்குது' என்கிற அந்த ஒரு வார்த்தைக்காகத்தான். இப்படியும் ஒரு மகளா என்று கூனிக்குறுகிப் போனாள்.

"யார்கிட்டயும் சொல்லிடாதம்மா" என்றார் அப்பா. "உனக்கு அசிங்கமாயிடும். நானும் இவ்வளவு பேர் முன்னால பொய் சொன்ன மாதிரி ஆயிடும்."

"சொல்லலப்பா" என்றாள். அவர் நம்பினார். தானே அச்சுகளை எடுத்து, சத்தம் வராத அந்த ரப்பரைக் காதில் ஒழுங்காகப் பொருத்திக்கொண்டார்.

அறை வாசலில் முதலாளியை மடக்கி விஷயத்தைச் சொன்னாள். அவர் முகத்தில் ஈயாடவில்லை. ஆனால் அவர் சமாளிப்பில் கெட்டிக்காரர்.

"சரி விடு. அந்தப் பெட்டில எழுத மறந்துட்ட, அவ்வளவுதானே? டிசைன் நல்லாத்தானே இருக்கு? ஆஸ்பத்திரிக்குக் குடுக்கிற பெட்டில ஒழுங்கா எழுதிக் குடுத்துடு. வாயத் திறக்காத."

"டிசைன் நல்லா இருக்கான்னு எனக்குத் தெரியாது."

"என்ன உளர்ற? கிராஃபெல்லாம் பிரமாதமா இருக்குன்னு நீதானே காட்டின?"

"கிராஃப் நல்லாத்தான் இருக்கு. காதுக்கு நல்லா இருக்குன்னு சொன்ன ஆளு உலகத்துலேயே ஒருத்தர்தான். அவர் எனக்காகச் சொல்லியிருக்கார்."

முதலாளி எதையோ சொல்ல வாயெடுப்பதற்குள் உள்ளேயிருந்து டாக்டர் கூப்பிட்டுவிட்டார். எல்லோரும் உட்கார்ந்தார்கள். அப்பா மேசைக் கடைசியில் தன் நாற்காலிக்குப் போய், கையைக் கட்டிக்கொண்டு, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"எனக்குப் பரம திருப்தி" என்றார் டாக்டர். "எங்க வார்டுல வாய் பேசுறதையே விட்டுட்ட பெரியவங்க நிறைய பேர் இருக்காங்க. ரூம் பரிசோதனையைச் சீக்கிரம் முடிச்சிட்டு, அடுத்த வாரமே அவங்களுக்குப் போட ஆரம்பிச்சிடலாம்."

அந்தப் பெரியவர்களை அவள் பார்த்ததில்லை. ஆனால் அவர்களும் பாவம் பார்த்து நல்லா கேக்குது என்றுதான் சொல்வார்கள் என்பது அவளுக்குத் தெரிந்துபோயிற்று. வெள்ளைக் கோட்டு போட்டவர்களிடம் யார்தான் இல்லை என்பார்கள்? தகர டப்பாவுக்குள்ளிருந்து கூப்பிடும் குரல்களோடு படுத்துக்கிடப்பார்கள்.

எழுந்தாள். அப்பா அவளையே பார்த்துக்கொண்டிருந்தார், பெருமையோடு. அவர் பார்வை தன் வாய்மேல் நிற்பதைத் தாங்க முடியாமல், சட்டென்று டாக்டர் பக்கம் திரும்பி, அப்பாவுக்கு முதுகைக் காட்டி நின்றாள். முதலாளி கவிழ்ந்த தலையை நிமிர்த்தவேயில்லை.

"டாக்டர், நீங்க பேசினது எதுவுமே எங்கப்பாவுக்குக் கேக்கல. பெட்டி காலியா இருக்கு, நான் எழுத மறந்துட்டேன். அவர் உதட்டைப் பாத்துச் சொன்னாரு. இத்தனை மாசமா எனக்காகப் பொய் சொல்லியிருக்கார். நான் மாத்திக்கிட்டே இருந்தேனே ஒழிய, அவருக்குக் கேக்குதான்னு ஒரு நாளும் பாக்கல. இதை யாருக்கும் போட்டுடாதீங்க."

ஒவ்வொருவராகக் கழுத்தைத் திருப்பி மேசைக் கடைசியைப் பார்த்தார்கள்.

அத்தனை முகமும் தன் பக்கம் திரும்பியதும், தன்னைத்தான் ஏதோ கேட்கிறார்கள் என்று அப்பா எடுத்துக்கொண்டார். என்ன கேட்டிருப்பார்கள் என்பதில் அவருக்குச் சந்தேகமில்லை. முகமெல்லாம் சிரிப்பாக, அறைக்கே கேட்கும்படி சொன்னார்:

"கேக்காம என்ன டாக்டர்? இப்ப எம்பொண்ணு சொன்னதுகூட ஒரு வார்த்தை விடாம கேட்டுச்சு."

யாரும் சிரிக்கவில்லை. டாக்டர் தன் கைகளைப் பார்த்துக்கொண்டார். அவளுக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விடலாமா என்றிருந்தது. அவர் மனம் நோகக் கூடாது என்றுதான் முதுகைக் காட்டினோம் என்று தன்னையே ஏமாற்றிக்கொள்ளப் பார்த்தாள், முடியவில்லை. தன் அவமானத்தை அவர் பார்த்துவிடக் கூடாது என்பதற்காக, உதட்டைப் பார்ப்பது என்று அவருக்கு மிச்சமிருந்த ஒரே காதையும் அடைத்துவிட்டு, அவரைப் பற்றியே பேசியிருக்கிறாள்.

திரும்பினாள். மேசையைச் சுற்றிப் போய், அவருக்கு எதிரே ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு, வெளிச்சம் தன் முகத்தில் விழும்படி உட்கார்ந்தாள். அவருடைய சிரிப்பு இன்னும் கலையவில்லை. காதிலிருந்த அச்சுகளை அவளே கழற்றி மேசைமேல் வைத்தாள். பிறகு அவர் பார்த்துப் புரிந்துகொள்ளும்படி, டாக்டரிடம் சொன்னதையெல்லாம் முதலிலிருந்து, மெதுவாக, அவரிடம் சொன்னாள்.